கிளிக்கூண்டு தொங்கிய கொக்கி

எங்கள் வீட்டுக் கூடத்தில், முற்றத்துப் பக்கத்து உத்திரத்தில் ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறது. சுண்டுவிரல் கனம். நுனி உள்ளே வளைந்து, வளைவின் அடிப்பக்கம் கொஞ்சம் தேய்ந்திருக்கும். மற்ற இடமெல்லாம் துரு. கே.கே. நகரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்ட என் மகன் வரும்போதெல்லாம் அதை அண்ணாந்து பார்ப்பான். "சும்மா கெடக்குற கொக்கி எதுக்கும்மா? அறுத்துப் போட்டுட்டு அங்கன ஒரு ஃபேன் மாட்டிரலாம்" என்பான். "எனக்கு ஒன் ஃபேனும் வேணாம் ஒண்ணும் வேணாம், அது கெடக்கட்டும்" என்று வாயை அடைத்துவிடுவேன். கிழவிக்குப் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்கிறான். நினைத்துக்கொள்ளட்டும். அந்தக் கொக்கியை அடித்தபோது அவனுக்கு ஒன்றரை வயது. அதன் பிறகு ஏழெட்டு மாதம் அவன் வாயை நான் பொத்திக்கொண்டு திரிந்தது அவனுக்கு ஞாபகம் இருக்க நியாயமில்லை.

கொக்கியை அடிக்கச் சொன்னது அக்கா. உடன்பிறந்தவள் இல்லை, என் ஓரகத்தி. அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். அவள் பேரையூர்ப் பக்கம், நான் உசிலம்பட்டி. இரண்டு ஊரிலும் மழையைப் பார்த்துத்தான் விதைப்பு. மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். மாமனாரும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கும் கடை வைத்திருந்தார்கள். வீடு சிம்மக்கல் பக்கம், வைகைக்கு நடந்து போகிற தூரம். நான் பதினேழு வயதில் இந்த வீட்டுக்குள் வந்தபோது எனக்குக் கஞ்சி காய்ச்சக்கூடத் தெரியாது. ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டாதவள் அக்கா. காட்டின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவளுக்கு. "ஏத்தா, இங்கன வா" என்று கொல்லையிலிருந்து அவள் கூப்பிட்டால் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவு பெரிய குரல்காரிக்குப் பிறந்த பிள்ளைதான் நாலு வயதாகியும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது.

பாப்பா என்றே எல்லோரும் கூப்பிட்டோம். பெரிய கண்கள். யார் எது செய்தாலும் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். காது கேட்கவில்லையோ என்ற எண்ணம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. கதவை அடித்துச் சாத்தினால் திரும்புவாள். மாமனார் செருப்புக் காலோடு வந்தால் எழுந்து ஓடுவாள். பின்னால்தான் தெரிந்தது, தரையின் அதிர்வு காலுக்குத் தெரிந்து திரும்பியிருக்கிறாள். அன்றைக்கு எங்களுக்கு அந்த விவரமெல்லாம் ஏது? நாக்குத்தான் தடித்திருக்கிறது, எழும்பவில்லை என்று நினைத்தோம். வசம்பைச் சுட்டு உரசித் தேனில் குழைத்து நாக்கில் தடவினோம். ஒரு காதுகுத்து வீட்டில் எவளோ ஒருத்தி, "மூத்தவ மக ஊமச்சிதானே" என்று சொல்லப்போக, அக்கா பந்தியில் இலைமுன் உட்கார்ந்தவள் சோற்றைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "ஒரே ஒரு தடவ என்னைய அம்மான்னு கூப்பிட்டாப் போதும்த்தா. அதுக்குப் பெறகு அவ வாயே தெறக்க வேணாம்."

கோயில் வாசலில் எங்களுக்கு வாடிக்கையாகப் பூ தரும் அம்மாள்தான் கிளி விஷயத்தை முதலில் சொன்னது. கையில் கிளியோடு நிற்கிற ஆத்தா இருக்கும் ஊரில் இதை ஒருவரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "ஒரு கிளிக்குஞ்ச வாங்கி வளத்துப் பாருத்தா. அது கொத்திப் போட்ட பழத்தப் பிள்ளைக்குக் குடு. கிளிக்கு அம்மான்னு சொல்லிக்குடு, பிள்ளையும் கூடக் கேக்கட்டும். நாக்கு தானா எழும்பும். பிள்ளை வாயத் தெறந்த அடுத்த வெள்ளிக்கெழம கிளியக் கொண்டாந்து ஆத்தாளுக்கு விட்ரணும், அம்புட்டுத்தான்" என்றாள். கோயிலில் அப்போது கிளிக்கூண்டுகள் வைத்த மண்டபம் இருந்தது. அங்கே கிளிகள் ஆத்தா பேரைச் சொல்வதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் கூட்டமாக நிற்பார்கள். அக்கா அந்த இடத்திலேயே மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டாள். திரும்பி வரும்போது அவள் நடை எனக்கு ஓட்டமாக இருந்தது.

கிளி வருவதற்கு முன்னால் ஒரு மாதம் இந்த வீடு பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். முதலில் பூனை. பருத்திக்கொட்டை மூட்டைகளை எலியிடமிருந்து காத்தது அந்தச் சாம்பல் பூனைதான். அதைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டாம் நாள் திரும்பி வந்து அடுப்படியில் படுத்திருந்தது. மறுபடியும் கொண்டுபோனார்கள், மறுபடியும் வந்தது. கடைசியில் அக்கா வீட்டுக்காரர் சமயநல்லூர்ப் பக்கம் போன வண்டியில் ஏற்றி அனுப்பிவைத்தார். பிறகு எலிகளுக்குக் கொண்டாட்டம். அடுத்தது கூண்டு. மூங்கில் கூண்டைக் குஞ்சு வளர்ந்தால் கடித்துப் போட்டுவிடும் என்று கேள்விப்பட்டு, இரும்புக் கம்பியில் செய்யச் சொன்னாள். கம்பி இடைவெளிக்குள் தன் விரலை விட்டுப் பார்த்து, தலை மாட்டிக்கொள்ளும் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள். கூண்டுக்காரர், "இம்புட்டுக் கணக்குப் பாத்து நான் என் மகளுக்கு மாப்ள பாக்கலத்தா" என்று அலுத்துக்கொண்டார். தண்ணீருக்குப் பித்தளைக் கிண்ணம் வேண்டாம், களிம்பு ஏறும் என்று கொட்டாங்கச்சியைத் தேய்த்து வழவழப்பாக்கினாள். உட்காரும் குச்சிக்குக் கொய்யாக் கிளை. ஒரே கனமாக இருந்தால் கால் நோகும் என்று ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்த கிளையாகத் தேடி எடுத்தாள்.

பிறகு இடம் பார்க்கிற படலம். அடுப்படிப் புகை வரக்கூடாது, தாளிக்கிற நெடி ஏறக்கூடாது, காலை வெயில் கொஞ்சம் விழ வேண்டும், உச்சி வெயில் படக்கூடாது, நடையில் அடிக்கிற காற்று நேராக மோதக்கூடாது. மூன்று நாள் ஒரு காலிக் கூடையைக் கயிற்றில் கட்டி இங்கும் அங்கும் தொங்கவிட்டு வெயிலைப் பார்த்தாள். இந்த உத்திரம்தான் சரி என்று முடிவானதும் கொக்கியை அடித்தார்கள். அதற்கு நேர் கீழேதான் மாமனாரின் சாய்வு நாற்காலி. சுருட்டுப் புகை கிளிக்கு ஆகாது என்று அவரைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பினாள். ஊரில் நாலு பேர் பார்த்தால் எழுந்து நிற்கிற மனுஷர் அவர். "ஏத்தா, என்னையவும் சாக்குல கட்டி அக்கரைக்கு அனுப்பிருவியா?" என்று கேட்டுவிட்டு, சுருட்டையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு தானே போய்விட்டார். நாங்கள் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். காதுகுத்து வீட்டிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாசி மாதத்தில் அழகர்மலைப் பக்கத்திலிருந்து குருவி பிடிக்கிறவர் ஒரு குஞ்சைக் கொண்டுவந்தார். இறகுகூடச் சரியாக முளைக்கவில்லை. கழுத்து மட்டும் நீளம். இதுவா நம் வீட்டுப் பிள்ளையைப் பேச வைக்கப் போகிறது என்று எனக்கு அப்போதே சலிப்பாக இருந்தது. அக்கா ஊறவைத்த கடலைப்பருப்பை அரைத்து விரல் நுனியில் எடுத்து ஊட்டினாள். உப்புப் போட்டது எதையும் அதன் அருகில் விடவில்லை. இறகு வந்த பிறகு தினைக் கதிர், பச்சை மிளகாய், கொய்யா. கொய்யா இல்லாத நாளில் வேலியில் பழுத்த கோவைப்பழம். அது கொத்திப் போட்ட மிச்சத்தை எடுத்துப் பாப்பா வாயில் வைப்பாள். பொழுது சாய்ந்ததும் தன் நீலச் சுங்குடிச் சேலையின் பாதியைக் கிழித்துத் தைத்த துணியால் கூண்டை மூடுவாள். கோழி கூவுகிற நேரத்துக்கு எழுந்து, குளித்து, துணியை எடுத்துவிட்டுப் பாடம் ஆரம்பிப்பாள்.

அந்தப் பாடத்தை இன்றைக்கும் என்னால் அப்படியே பார்க்க முடிகிறது. பாப்பாவை மடியில் தன் பக்கம் திருப்பி உட்கார வைத்துக்கொள்வாள். அந்தப் பெரிய குரலைச் சுருக்கி, சின்னப்பிள்ளை கூப்பிடுகிற மாதிரி மெல்லிசாக்கி, "அம்மா" என்பாள். கொஞ்சம் நிறுத்துவாள். மறுபடி "அம்மா". நூற்றெட்டுத் தடவை. விரலை மடக்கி மடக்கி எண்ணுவாள். அக்கா கிளியையே பார்த்துக்கொண்டு சொல்வாள். கிளி தலையைச் சாய்த்து அவளைப் பார்க்கும். மடியில் இருக்கிற பாப்பா அண்ணாந்து அம்மாவின் வாயையே பார்ப்பாள். யார் யாரைப் பார்த்தார்கள் என்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

என் எரிச்சல் எங்கே தொடங்கியது என்றால், கிளி காதில் வேறு வார்த்தை விழக்கூடாது என்று அக்கா சட்டம் போட்ட இடத்தில். கூடத்தில் யாரும் பேசக்கூடாது. திட்டக்கூடாது. என் வீட்டுக்காரர் வாய் கொஞ்சம் கெட்ட வாய். அவர் வாசலிலேயே எல்லாவற்றையும் திட்டித் தீர்த்துவிட்டு உள்ளே வருவார். அதெல்லாம் சரி. ஆனால் என் மகனுக்கு ஒன்றரை வயது. பத்து மாதத்திலேயே பேச ஆரம்பித்தவன். காக்காய், மாடு, சோறு, நிலா என்று நாள் முழுக்க வாய் ஓயாது. அக்காவைப் பெரிம்மா பெரிம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு கூடத்துக்கு ஓடுவான். "அவன அங்கிட்டுத் தூக்கிட்டுப் போத்தா, கிளி பெரிம்மான்னு படிச்சிரும்" என்பாள். தூக்கிக்கொண்டு போவேன். மறுபடி ஓடுவான். அவன் வாயைப் பொத்துவேன், கொல்லையில் வைத்துக் கதவைச் சாத்துவேன். பேசுகிற பிள்ளையை வாய் பொத்தி வளர்க்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வரும். அவள் பிள்ளைக்குப் பேச்சு வராததற்கு என் பிள்ளை என்ன செய்தான்? இப்படியெல்லாம் நான் நினைத்தேன். வெளியில் சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன்.

ஐப்பசி அடைமழை கொஞ்சம் விட்டிருந்த நாள். வியாழக்கிழமை. அக்கா கொல்லைக் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பாப்பா கூண்டுக்குக் கீழே, எனக்கு எதிரே உட்கார்ந்து கொய்யாத் துண்டை வாய் நிறைய வைத்து மென்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் கிளி சொன்னது. "அம்மா." அத்தனை தெளிவு. மெல்லிசான, இழுவையான, சின்னப்பிள்ளைக் குரல். அக்கா விடியலில் எப்படிச் சொல்வாளோ அப்படியே. பாப்பா தலையைக்கூடத் தூக்கவில்லை.

கொல்லையில் வாளி விழுகிற சத்தம். ஈரச் சேலையோடு, கையில் சொட்டச் சொட்டத் தண்ணீரோடு அக்கா ஓடி வந்தாள். நடைப்படியில் கால் தடுக்கி விழப்போய் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஏத்தா, யாரு? யாரு கூப்பிட்டது? பாப்பாவா?" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. "ஆமாக்கா" என்றேன்.

ஏன் சொன்னேன்? இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாவமாக இருந்தது, அந்த முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. இது உண்மை. ஆனால் பாதி உண்மை. பிள்ளை பேசியது என்று ஆகிவிட்டால் நாளைக்கு வெள்ளிக்கிழமை, கிளி கோயிலுக்குப் போய்விடும், கூடம் கூடமாக ஆகும், என் பிள்ளை வாய்விட்டுப் பேசலாம் என்ற கணக்கும் அந்த ஒரு நொடிக்குள் எனக்குள் ஓடியது. இரண்டும் சேர்ந்துதான் அந்த "ஆமாக்கா". நல்லதுக்குச் சொன்ன பொய் என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அக்கா பாப்பாவைத் தூக்கிச் சுற்றினாள். கொய்யாத் துணுக்கும் எச்சிலுமாக இருந்த வாயில் முத்தம் கொடுத்தாள். "இன்னொருக்கா சொல்லு தங்கம், இன்னொருக்கா" என்று கெஞ்சினாள். பாப்பா அம்மாவின் சிரிப்பைப் பார்த்துச் சிரித்தாள். கடைக்கு ஆள் போய், அக்கா வீட்டுக்காரர் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார். மாமனார் அழுதுவிட்டார். தெரு முழுக்கச் சீனி கொடுத்தோம். எங்கே கிளி மறுபடி வாயைத் திறந்துவிடுமோ என்று பயந்து, "கூட்டத்தப் பாத்து மெரளுதுக்கா" என்று சொல்லிப் பட்டப்பகலிலேயே நீலத் துணியை எடுத்துப் போட்டு மூடினேன். "நேத்திக்கடனத் தள்ளிப் போடக்கூடாதுக்கா, நாளைக்கே வெள்ளிக்கெழம வருது பாருங்க" என்றும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் துணி போர்த்திய கூண்டோடு கோயிலுக்குப் போனோம். கிளியைக் கொடுக்கும்போது அக்கா கூண்டின் பிடியைச் சட்டென்று விடவில்லை. எட்டு மாதம் ஊட்டி வளர்த்தவள். "மனசு வரமாட்டேங்குதுத்தா" என்று என் காதில் சொன்னாள். கொடுத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. இனி வெள்ளிக்கிழமைதோறும் வருவாளே, மண்டபத்தில் கிளி அம்மா என்று கூப்பிட்டால்? "ஆத்தாளுக்கு விட்டத மறுபடி போயிப் பாக்கக்கூடாதாம்க்கா, குடுத்த பலன் போயிருமாம்" என்று அந்த இடத்திலேயே ஒரு சாத்திரத்தை உண்டாக்கினேன். அக்கா நம்பினாள். நான் சொன்னதை அவள் என்றைக்கு நம்பாமல் இருந்தாள்?

பாப்பா பேசவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம், பொங்கல், சித்திரைத் திருவிழா. அக்காவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவளாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தாள். "கிளியக் குடுக்கையில மனசு வரலன்னு சொன்னேன்ல, அது ஆத்தாளுக்குக் கேட்ருச்சு. குடுத்த பேச்சத் திருப்பி எடுத்துக்கிட்டா" என்றாள். அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குறை தன்னுடையது என்று அவள் ஏற்றுக்கொண்டு, தினமும் விடியலில் ஈரத்துணியோடு கோயிலுக்குப் போய்ச் சுற்றி வர ஆரம்பித்தாள். செருப்பை விட்டாள், பாயை விட்டாள், ராச்சோற்றை விட்டாள். அவ்வப்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அன்னைக்கு எப்படிக் கூப்பிட்டா, சொல்லு" என்பாள். நான் சொல்வேன். வெறும் சொல்லாகச் சொன்னால் அவளுக்கு ஆறாது. "என்னையப் பாத்துட்டு, கொல்லப் பக்கம் திரும்பி, கைய நீட்டிக் கூப்பிட்டாக்கா" என்று ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்றைச் சேர்த்தேன். முந்தின தடவை என்ன சேர்த்தேன் என்று ஞாபகம் வைத்துக்கொள்வதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

நான் ஒரு தடவை தனியாக அந்த மண்டபத்துக்குப் போனேன். ஏன் போனேனோ தெரியவில்லை. இருபது முப்பது கிளிகளின் கூச்சலுக்குள் அந்தக் குரல் வந்தது. அம்மா, அம்மா என்று. எல்லாக் கிளியும் ஆத்தா பேரைச் சொல்ல, இது மட்டும் அம்மா என்று சொல்வதை ஒரு சின்னப்பையன் தன் தாயிடம் காட்டிச் சிரித்தான். அக்காவின் குரல் ஒரு கூண்டுக்குள்ளிருந்து கூப்பிட, நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு விடியலில் பால் காய்ச்ச எழுந்தவள் கூடத்தில் பாப்பா நிற்பதைப் பார்த்தேன். கொக்கிக்கு நேர் கீழே, அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள். முற்றத்து வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. வாயைத் திறந்தாள். உதட்டைச் சேர்த்தாள். மறுபடி திறந்தாள். கொஞ்சம் நிறுத்தினாள். திறந்தாள், சேர்த்தாள், திறந்தாள். சத்தம் ஒரு துளிகூட இல்லை. என் வாயால் அதையே செய்து பார்த்தேன். அம்மா. எட்டு மாதம் மடியில் உட்கார்ந்து அம்மாவின் வாயைப் பார்த்துப் படித்த பாடத்தை, ஆள் இல்லாத கூடத்தில் அவள் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் செய்ய வேண்டியது அது என்றுதான் அவளுக்குத் தெரியும். வேறு நேரத்தில், வேறு இடத்தில் செய்யவே மாட்டாள். மறுநாளும் பார்த்தேன், அதற்கு மறுநாளும். அக்காவோ அந்த நேரத்தில் ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை வீட்டில் கூப்பிட்டுக்கொண்டிருக்க, பிள்ளை கூப்பிட வேண்டுமென்று அவள் அங்கே சுற்றினாள். அவளை அங்கே அனுப்பியது நான்தான்.

பெண்களைப் பார்க்கிற ஒரு லேடி டாக்டரிடம் பாப்பாவை அழைத்துப்போனது அதற்கு அடுத்த வருஷம். அவர் பாப்பாவைக் கட்டிலில் கால் தரையில் படாமல் உட்கார வைத்து, பின்னால் நின்று மணி அடித்தார். தட்டைத் தட்டினார். பாப்பா தன் கால் கொலுசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிறவியிலேயே காது கேட்கலம்மா. கேட்டாத்தான பேச்சு வரும்? தெற்க இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னே ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. உதட்டப் பாத்துப் புரிஞ்சுக்க, கையால பேச, எழுதப் படிக்க, எல்லாம் சொல்லிக் குடுக்குறாங்க. இந்த வயசுல சேத்தாத்தான் வரும்" என்றார். அக்கா பதறவில்லை. "இல்லைங்கம்மா, காது கேக்கும். ஒரு தடவ என்னைய அம்மான்னு கூப்பிட்டா. நான் கெணத்தடியில இருந்தேன், எங்காதால கேட்டேன். பக்கத்துல இருந்து பாத்தவ இவதான்" என்று என்னைக் காட்டினாள். டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க பாத்தீங்களா?" என்றார். அக்காவும் பார்த்தாள். பாப்பாவும் எல்லோர் முகத்தையும் போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டலில் பாப்பாவின் படிப்பு போயிற்று. பள்ளிக்கூடத்தைப் பற்றி மறுபேச்சு வீட்டில் எழவில்லை. பேசுகிற பிள்ளையை ஊமைப் பள்ளியில் எதற்குச் சேர்க்க வேண்டும் என்று அக்கா கேட்டபோது யார் என்ன சொல்வது? முதல் பொய்க்கு எனக்கு ஒரு நொடிதான் இருந்தது. இரண்டாவதுக்கு நிறைய நேரம் இருந்தது. வீடு திரும்புகிற வழியெல்லாம் இருந்தது, அதன் பிறகு வருஷக்கணக்காக இருந்தது. உதடு அசைவதையாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், விடியலில் வீட்டில் இருந்து பார்த்திருப்பாள். ஆனால் சத்தம் ஏன் இல்லை, அன்றைக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்பாளே. அந்தக் கேள்விக்குப் பயந்தே எல்லாவற்றையும் முழுங்கினேன்.

எல்லையில் நடந்த சண்டை முடிந்து அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில் அக்கா காய்ச்சலில் விழுந்தாள். உபவாசத்தில் தேய்ந்த உடம்பு, தாங்கவில்லை. பாப்பாவுக்கு அப்போது பதினாலு பதினைந்து வயது. கடைசிக்கு முந்தின நாள் நல்ல நினைவோடு இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, அன்னைக்கு அவ என்னையத்தான கூப்பிட்டா?" என்றாள். சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று கத்தியது. "ஒங்களத்தான்க்கா" என்றேன். "அது போதும். பாப்பாவப் பாத்துக்க" என்றாள். அந்த ஒன்றை மட்டும் நான் பொய்யில்லாமல் செய்திருக்கிறேன்.

மாமனார் போனார், அண்ணன் தம்பி இருவரும் போனார்கள், கடை போயிற்று. நானும் பாப்பாவும் மட்டும் இந்த வீட்டில் இருக்கிறோம். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. எங்களுக்குள் கைச்சாடை உண்டு, சோறு, தண்ணீர், தூக்கம் என்று. அதற்கு மேல் அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று சொல்ல அவளிடமும் வார்த்தை இல்லை, கேட்க என்னிடமும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எழுதுகிறார்களாம், வேலைக்குப் போகிறார்களாம். யாராவது சொன்னால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

கே.கே. நகர் வீட்டுக்கு இருவரையும் வரச்சொல்லி மகன் கூப்பிடத்தான் செய்கிறான். அந்த வீட்டில் உத்திரமும் இல்லை, கொக்கியும் இல்லை. இன்றைக்கும் விடியலில் பாப்பா எழுந்து, முகம் கழுவி, முற்றத்து வெளிச்சம் வருகிற நேரத்துக்குக் கொக்கியின் கீழே வந்து நின்றாள். வாயைத் திறந்தாள், உதட்டைச் சேர்த்தாள், திறந்தாள். நான் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று, அக்கா மடக்கின மாதிரி விரலை மடக்கி எண்ணினேன். கடைசித் தடவை முடிந்து அவள் திரும்பிப் போன பிறகு, வெறும் கூடத்தைப் பார்த்து, "கூப்பிட்டாக்கா, ஒங்களத்தான் கூப்பிட்டா" என்றேன்.